இரண்டு கிலோ

சனிக்கிழமை எட்டே முக்காலுக்கு
மஸ்கெலியா பஸ்ஸிலிருந்து இறங்குகிறேன்.
பையில் ஒரு மல்டிபிளக், இரண்டு பென்டிரைவ்,
நேற்றைய ரொட்டி.
பதினொரு கணினி. ஓடுவது ஏழு.
அதிலும் ஒன்றில் ஈ விசை கழன்றுவிட்டது.
எல்ஸ் என்று எழுத இரண்டு ஈ வேண்டும்;
அங்கே உட்காருகிறவர்கள்
வேறெங்கிருந்தோ ஒன்றை நகலெடுத்து
இரண்டு தரம் ஒட்டுவார்கள்.

இஃப் என்பதை விளக்கத் தொடங்கிய அன்றே
நாக்கு தடுமாறியது.
நாம் அதைத் தனிச்சொல்லாகப் பேசுவதில்லை, பிள்ளைகளே,
வினையின் வாலில் ஒட்டியிருக்கும் சின்ன 'ஆல்' அது.
உதாரணம் சொல்லுங்கள்.
மழை பெய்தால், என்றான் துஷ்யந்தன்.
பெய்தால்?
பாலத்துக்கு அந்தப்பக்கம் உள்ளவங்க வரமாட்டாங்க.
பெய்யாவிட்டால்?
அப்பவும் வரமாட்டாங்க டீச்சர்,
கொழுந்து கூடின மாசம்.
பலகையில் எழுதினேன்.
இரண்டு கிளைக்கும் ஒரே விடை என்றால்
நிபந்தனையே தேவையில்லை என்கிறது பாடக்குறிப்பு.
நான் அதைச் சொல்லவில்லை.

மூன்றாம் மாதம்
சொந்தமாக ஒரு புரோகிராம் கேட்டேன்.
கிரிக்கெட் ஓட்ட விகிதம் வந்தது,
பெயர் கேட்டு வணக்கம் சொல்பவை நான்கு வந்தன.
லோஜிதாவின் ஃபைலுக்குப் பெயர் 'நிறுவை'.
ஓட்டினேன்.
கிலோ? என்று கேட்டது.
இருபது அடித்தேன்.
பதினெட்டு, முழுப்பேர் என்றது.
பத்தொன்பது அடித்தேன்.
பதினேழு, அரைப்பேர்.

உள்ளே போய்ப் பார்த்தேன். ஏழாவது வரி:
கிலோவிலிருந்து இரண்டைக் கழி.
பிழை இதோ, என்று விரல் வைத்தேன்.
பிழை இல்ல டீச்சர்,
தராசில அப்படித்தான் கழிப்பாங்க.
சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு ஒன்று.
சாக்கு என்ன நிறை?
நானூறு கிராம். கடையில நிறுத்துப் பார்த்தேன்.
வெயில் நாளில்?
வெயில் நாளிலயும் ரெண்டுதான்.
அதனாலதான் அதை
    இஃபுக்குள்ள போடல.

இயங்காவிட்டால் பிழை என்று சொல்லிக்கொடுத்திருந்தேன்,
தவறான விடை தந்தாலும் பிழை என்று.
ஒழுங்காக இயங்கி
ஊரில் கிடைக்கும் விடையையே
அச்சொட்டாகத் தந்தால்
அதற்கு என்ன பெயர்?
என் குறிப்பில் இல்லை.

இடைவேளைக்குப் பிறகு தொழிலுக்குத் தயாராதல்.
சுயவிபரப் படிவத்தில் நிரந்தர முகவரி என்ற கட்டத்தில்
எல்லாப் பேனாவும் நின்றது.
லயத்து நம்பரா, தோட்டத்து ஒபிசா?
பணியக்கணக்கு என்று எழுதினா
கணக்குப் பாடம்னு நினைச்சிருவாங்களா டீச்சர்?
சிரித்தோம்.
நானும் எழுதியிருக்கிறேன் இந்தப் படிவத்தை.
பென்டிரைவில் இருக்கிறது, பதினான்காம் பதிப்பு.
என் ஒப்பந்தம் மார்கழியோடு முடிகிறது.

பிறகு நேர்முகப் பயிற்சி.
நான் மெனேஜர். மேசையைத் திருப்பிப் போட்டு
முகத்தை இறுக்கிக்கொண்டேன்.
உங்கள் பலம் என்ன?
கடின உழைப்பு, என்றான் துஷ்யந்தன், கொட்டாவியை விழுங்கி.
லோஜிதா உட்கார்ந்தாள்.
ஐந்து வருடத்தில் உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?
அந்த லூப் முழுக்க ஓடணுமா சேர்,
இல்ல நடுவில பிரேக் போடலாமா?
வகுப்பு சிரித்து முடிக்கும்வரை
மெனேஜர் முகத்தைக் காப்பாற்ற முடியவில்லை.

பதினொன்றே முக்காலுக்குக் கரண்ட் போனது.
சேமித்தீர்களா என்று இருட்டில் கேட்டேன்.
சேமித்தேன், என்றது ஒரேயொரு குரல்.

இந்தச் சனி 'நிறுவை' வளர்ந்திருந்தது.
நாளுக்கு ஒரு சுற்று, மாதத்துக்கு இருபத்தைந்து.
கழித்ததையெல்லாம் தனியாகக் கூட்டி
கடைசி வரியில் காட்டுகிறது:
ஐம்பது கிலோ.
அது ஒரு ஆளுக்கு.
இதை அச்சில எடுக்கலாமா டீச்சர்?
எத்தனை பேருக்கு?
பணியக்கணக்கு முழுக்க. நூற்றுப் பன்னிரண்டு.

பிரின்டர் போன வருடத்திலிருந்து காய்ந்து கிடக்கிறது.
பஸ் வளைவில் திரும்பும்போது
கைபேசியில் குறித்துக்கொள்கிறேன்:
மை. கறுப்பு மட்டும் போதும்.